கேரளத்தில் படித்த தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு: சான்றிதழுக்காகப் பட்ட பாடு

பீர்மேடு, தேவிகுளம் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களில், பிளஸ் டூ முடிக்கப்போகும் பிள்ளைகளின் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். என் மகள் வண்டிப்பெரியாறு பகுதியில் அரசுப் பள்ளியில் கேரளப் பாடத்திட்டத்தில் படித்தவள். 2025இல் கேரளத்தின் பொறியியல் நுழைவுத் தேர்வான கீமை எழுதியதோடு, தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கும் விண்ணப்பித்தாள். அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் மதிப்பெண்ணைப் பற்றி நாங்கள் பட்ட கவலையைவிட, அவள் எந்த மாநிலத்துப் பிள்ளை என்பதைக் காகிதத்தில் நிலைநாட்டப் பட்ட அலைச்சல்தான் எங்களை வாட்டி எடுத்தது. இன்னும் அந்த ஆற்றாமை தீரவில்லை.

முதலில் கேரளத்து நிலைமை. நாங்கள் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்கள். என் அப்பா கம்பம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தோட்ட வேலைக்காக மலையேறியது 1950க்குப் பிறகு. கேரளத்தில் பட்டியல் சாதிச் சான்றிதழ் பெற, 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே குடும்பம் இந்த மண்ணில் குடியிருந்ததை நிறுவ வேண்டும். அதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை. நான் பிறந்ததும் வளர்ந்ததும் இதே தோட்டத்து லயத்தில்தான், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில்தான். என் பிள்ளைகளும் அப்படியே. இருந்தும் இங்கே எங்களுக்குச் சாதிச் சான்றிதழ் கிடையாது என்பதால், மகள் கீமில் பொதுப் பிரிவில்தான் போட்டியிட வேண்டியிருந்தது. இடுக்கி மாவட்டத்துப் பைனாவு அரசு பொறியியல் கல்லூரியில் இட ஒதுக்கீட்டின் கீழ் எட்டியிருக்கக்கூடிய இடம், அதனால் எங்களுக்கு எட்டாத இடமாயிற்று.

இடம் பெயர்ந்தவர்களுக்குப் பூர்வீக மாநிலத்தில் அந்த உரிமை அப்படியே இருக்கிறது. எங்களுக்கு அது தமிழ்நாடு. அங்கே பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று பிளஸ் டூ மதிப்பெண்ணை 200க்குக் கணக்கிட்டுத் தரவரிசை போடுகிறார்கள். எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்கு, நேட்டிவிட்டி என்று எல்லோரும் சொல்லும் இருப்பிடச் சான்றிதழ் தேவைப்படாது. பூர்வீகம் தமிழ்நாடாக இருந்து வெளிமாநிலத்தில் படித்தவர்களுக்கு அது கட்டாயம். அதுவும் இணையவழியில் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டையும் நம்பி இருக்காதீர்கள். கேரள அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு அது கிடைக்காது.

தேர்வு முடிந்த கையோடு, ஏப்ரலிலேயே, குமுளி மலைப்பாதை இறங்கிப் போய் ஓர் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். மகள் வெளிமாநிலத்தில் படித்தவள், கலந்தாய்வுக்கு நேட்டிவிட்டி வேண்டும் என்று தெளிவாகச் சொல்லித்தான் காகிதங்களைக் கொடுத்தேன். வாரக்கணக்கில் காத்திருந்த பிறகு, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. மறுபடி இறங்கிப் போய்க் கேட்டபோதுதான், அந்த மையத்தில் இருந்தவர் இருப்பிடச் சான்றிதழுக்குப் பதிலாக வசிப்பிடச் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருந்தது தெரியவந்தது. கேரளத்தில் வசிக்கும் பிள்ளைக்குத் தமிழ்நாட்டில் வசிப்பிடச் சான்றிதழ் எப்படிக் கிடைக்கும்? தயவுசெய்து ஒப்புகைச் சீட்டை வாங்கியவுடன் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். ஆர்இவி-102 என்றால் நேட்டிவிட்டி, ஆர்இவி-101 என்றால் சாதிச் சான்றிதழ், ஆர்இவி-104 என்றால் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ். சீட்டில் வேறு எண் இருந்தால் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

இதற்குள் மே 7 அன்று தமிழ்நாட்டில் கலந்தாய்வுப் பதிவு தொடங்கிவிட்டது. கேரள பிளஸ் டூ முடிவு மே 22 அன்று வந்தது. ஜூன் 6 பதிவுக்குக் கடைசி நாள். இந்த இடைவெளியில் இருப்பிடம், சாதி இரண்டுக்கும் புதிதாக விண்ணப்பித்தோம்.

அப்பாவின் ஊர்க் கிராம நிர்வாக அலுவலர் நல்ல மனிதர். என் அப்பாவின் பெயரைக் கேட்டுக்கொண்டு, குடியிருப்பு மனைகளைக் குறிக்கும் நத்தம் பதிவேட்டை எடுத்து விரித்து, ஓரங்கள் பழுப்பேறிய பக்கங்களில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து, ஒரு வரியில் நிறுத்தினார். அப்பாவின் பெயரும் அவருடைய தகப்பனார் பெயரும், இன்று என் அண்ணன் குடியிருக்கும் வீட்டுமனையின் அளவும் அதில் இருந்தன. அக்கம்பக்கத்தில் இரண்டு பெரியவர்களை விசாரித்துவிட்டு அன்றைக்கே பரிந்துரைத்து அனுப்பினார். வருவாய் ஆய்வாளரிடமும் தடை இல்லை.

தடை வந்தது தாலுகா அலுவலகத்தில். அங்கிருந்த எழுத்தர் எங்கள் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆதாரும் கேரளா, ரேஷன் கார்டும் கேரளா. அப்புறம் இங்க எதுக்குங்க நேட்டிவிட்டி?" என்றார். கலந்தாய்வுத் தகவல் கையேட்டில் வெளிமாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கென்றே எழுதப்பட்டிருக்கும் விதியைக் காட்டினேன். அதை வாங்கிப் பார்க்கக்கூட அவர் முன்வரவில்லை. சாதிச் சான்றிதழுக்கு என்னுடைய தமிழ்நாட்டுச் சான்றிதழைக் கேட்டார். தோட்டத்துப் பள்ளியில் படித்த எனக்கு அது ஏது? என் அண்ணனின் சான்றிதழைக் கொடுத்தால், "இவர் உங்க கூடப்பிறந்தவர்தான்னு நான் எப்படி நம்புறது?" என்றார். அவருக்குச் சந்தேகம் எழுவது நியாயம்தான். ஆனால் எந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தால் அந்தச் சந்தேகம் தீரும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நாள் கூலியை இழந்து மீண்டும் மீண்டும் மலையிறங்கியிருக்க வேண்டாம். அதைச் சொல்வது அந்த நாற்காலியில் இருப்பவரின் கடமை.

வழி காட்டியது அண்ணிதான். அப்பா இறந்த பிறகு, வீட்டுமனைக்காக எடுத்த வாரிசுச் சான்றிதழ் வீட்டுப் பெட்டியில் இருப்பதை நினைவுபடுத்தினார். அதில் அண்ணன் பெயரும் என் பெயரும் மகன்கள் என்று அடுத்தடுத்து இருந்தன. அடியில் வட்டாட்சியரின் கையொப்பமும் அதே அலுவலகத்தின் முத்திரையும் இருந்தன. இந்த முறை எழுத்தரிடம் நிற்காமல், மனுவாக எழுதி, நேராக வட்டாட்சியரைச் சந்தித்தோம். அவர் வாரிசுச் சான்றிதழையும் அண்ணனின் சாதிச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். மகளிடம் என்ன படிக்க விரும்புகிறாய் என்று கேட்டார். மறுநாள் இரண்டு சான்றிதழ்களும் இணையத்தில் வந்துவிட்டன. பதிவேற்றும் கெடுவுக்குள் அவற்றை ஏற்றிவிட்டு நாங்கள் விட்ட பெருமூச்சை எழுத்தில் சொல்ல முடியாது.

ஆகவே, உங்கள் பூர்வீக ஊரில் வாரிசுச் சான்றிதழ், பழைய பட்டா, பெரியப்பா சித்தப்பாக்களின் சாதிச் சான்றிதழ் எது இருந்தாலும் நகல் எடுத்து வையுங்கள். உறவை நிறுவும் ஒரு காகிதம், மண்ணை நிறுவும் ஒரு காகிதம், இரண்டும் வேண்டும். நேட்டிவிட்டி இருந்தால்தான் தமிழ்நாட்டின் சாதிவாரி ஒதுக்கீடு கிடைக்கும். எங்களைப் போன்றோருக்கு, அருந்ததியருக்கான 3 விழுக்காட்டையும் சேர்த்து அந்த ஒதுக்கீடு 18 விழுக்காடு.

சான்றிதழ் சரிபார்ப்பு, ஜூன் 27 அன்று தரவரிசை, விருப்பப் பதிவு எல்லாம் சிக்கலின்றி நடந்தன.

கீமைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஜூலை 1 அன்று வந்த அதன் தரவரிசையில் மகள் ஓரளவு முன்னே இருந்தாள். மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறையாதபடி கேரள அரசு கணக்கீட்டு முறையை மாற்றியிருந்தது. தேர்வு முடிந்த பிறகு செய்த அந்த மாற்றம் செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூலை 10 அன்று பழைய முறைப்படி வந்த புதிய பட்டியலில் அவள் வெகுவாகப் பின்தள்ளப்பட்டாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. தமிழ்நாட்டு விண்ணப்பம் கையில் இருந்ததால்தான் மனம் தேறினோம். ஒரு மாநிலத்துப் பட்டியலை மட்டும் நம்பி மற்றொன்றை விட்டுவிடாதீர்கள்.

போடிநாயக்கனூர் அரசு பொறியியல் கல்லூரியில் மகளுக்கு இடம் உறுதியானது. இளையவன் ஒன்பதாம் வகுப்புதான் படிக்கிறான். அவனுக்கான இருப்பிடச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் அதே காகிதங்களை வைத்து இப்போதே வாங்கிவிட்டோம்.