பச்சை லைட் எந்த இடத்தில் அணைகிறது?

6 ஜூலை 2024, சனி

இரவு கணினியின் விமானச் சிமுலேற்றரில் திருகோணமலை சீனன்குடா விமானத்தளம், ஓடுபாதை 24. துறைமுகப் பக்கமிருந்து இறங்கினேன், எதிரே கச்சான் காற்று பலமாக. சிமுலேற்றர் வெளியில் அடிக்கிற காற்றை அப்படியே எடுத்துக்கொள்கிறது. போயிங் 737-800, ஃபிளாப் (சிறகின் பின்விளிம்பு மடிப்பு) 30, சில்லு கீழே, ஸ்பொய்லர் (சிறகின் மேல் எழும்பும் தகடு) லீவர் ஆர்ம் நிலையில், அதாவது தொட்டதும் தகடுகள் தானாக எழும்பத் தயார்; அதைக் காட்டும் பச்சை லைட்டும் எரிந்தது. பின்சில்லுகள் தொட்டன. சிறகின் மேல் ஒரு தகடுகூட எழும்பவில்லை.

என்ஜின் விசையை முன்பக்கம் திருப்பி விமானத்தை நிறுத்த உதவும் ரிவேர்ஸ் லீவரைத் தூக்கிய பிறகுதான் எல்லாத் தகடும் படாரென்று எழும்பின. அதற்குள் பாதி ஓடுபாதை போய்விட்டது. இங்கே இருப்பதே 2,400 மீட்டர் அளவுதான்.

இரண்டு கிழமையாக இந்தக் கரைச்சல். ஒரு நாள் ஒழுங்காக எழும்பும், அடுத்த நாள் எழும்பாது. படகு வயரிங்கிலும் இப்படி வந்து வந்து போகிற பழுதுதான் ஆளைக் கொல்லும். முழுதாகச் செத்த சாமானைக் கண்டுபிடிப்பது சுகம்.

7 ஜூலை, ஞாயிறு

கடை பூட்டு. காலையிலிருந்து இதே யோசனை.

தரையைத் தொட்டுவிட்டதால் மட்டும் விமானத்தின் பாரம் சில்லுக்கு வந்துவிடாது. வேகம் இருக்கும்வரை சிறகு தூக்கிக்கொண்டே இருக்கும். பாரம் இல்லாத சில்லை பிரேக் பிடித்து என்ன பயன், வழுக்கத்தான் செய்யும். ஸ்பொய்லர் தகடுகள் எழும்பி அந்தத் தூக்குவிசையைக் கெடுத்து, பாரத்தைச் சில்லில் இறக்கிவிடுகின்றன. காற்றைத் தடுப்பது அவற்றின் இரண்டாவது வேலை.

737-இல் ஒரு சிறகுக்கு ஆறு தகடுகள். அதில் நான்கு பறக்கும்போதும் பயன்படும், இரண்டு தரையில் மட்டும். ஆகாயத்தில் தவறி எழும்பினால் ஆபத்து என்பதால் விமானம் சாட்சி கேட்கும்: லீவர் ஆர்மில் இருக்கிறதா, ரேடியோ உயரமானி 10 அடிக்குக் கீழே காட்டுகிறதா, இரண்டு திரொட்டிலும் (என்ஜின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் லீவர்) ஐடிலில், அதாவது ஆகக் குறைந்த வலுவில், இருக்கின்றனவா, சில்லுகள் 60 நொட் வேகத்துக்கு மேல் சுற்றுகின்றனவா. தரைக்கு மட்டுமான அந்தத் தகடுகள், இரண்டு சிறகிலும் சேர்த்து நான்கு, இவற்றோடு வலது பின்காலும் அமுங்கினால்தான் எழும்பும்.

இனி நேற்று நடந்ததைப் பார்ப்போம். ஆர்ம் பண்ணாமல் விட்டாலும், திரொட்டில் ஐடிலில் இருந்து சில்லும் சுற்றினால், ரிவேர்ஸைத் தூக்கும்போது ஸ்பொய்லர் எழும்ப வேண்டும். அது எழும்பியது. ஆகவே திரொட்டில் சரி, சில்லு சரி, காலும் சரி. மிஞ்சியிருப்பது ஆர்ம் ஒன்றுதான். ஆர்ம் பண்ணியதை நான் கண்ணால் கண்டேன், லைட்டும் எரிந்தது. அப்படியென்றால் நடுவில் எங்கோ ஒரு இடத்தில் அது கழன்றிருக்கிறது.

10 ஜூலை, புதன்

அக்காவின் மகன் வந்திருந்தான். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, பின்னேரம் ஒரு மணித்தியாலம் மட்டும் என்று அக்காவின் கட்டளை. பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்:

“மாமா, ஏன் இவ்வளவு கரைச்சல்? தொடேக்க கையால இழுத்து விடுங்கோவன்.”

நல்ல கேள்வி. அவனுக்கு 1970 ஜூலை 5-ஆம் திகதி ரொறன்ரோவில் நடந்ததைச் சொன்னேன். எயார் கனடாவின் டிசி-8, தரைக்கு மேல் 60 அடி மட்டில் வரும்போது, ஆர்ம் பண்ண வேண்டிய லீவர் ஒரேயடியாக இழுபட்டு ஸ்பொய்லர் எழும்பிவிட்டது. விமானம் கல்லுப்போல விழுந்து ஓடுபாதையில் அடித்தது. திரும்ப மேலே ஏறினார்கள், ஆனால் சிறகு தீப்பிடித்து உடைந்தது. இருந்த 109 பேரும் செத்தார்கள். கையால் இழுப்பதென்றால் பின்சில்லு இரண்டும் தரையில் உட்கார்ந்த பிறகுதான்.

எழும்பாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1999 ஜூன் 1, அமெரிக்காவில் லிற்றில் ரொக். புயல் மழைக்குள் இறங்கிய எம்டி-82, ஸ்பொய்லர் எழும்பவில்லை, எழும்பாததை விமானிகளும் கவனிக்கவில்லை. ஓடுபாதை முடிந்தும் நிற்காமல் போய் உடைந்தது. 11 பேர் இறந்தார்கள். சிமுலேற்றர்தானே, ரிவேர்ஸ் இழுத்தால் எழும்புகிறதே என்று இதை விட எனக்கு மனம் வராததற்குக் காரணம் இதுதான்.

பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “அப்ப சனிக்கிழமை நான் லைட்டைப் பாக்கிறன், நீங்க ஓடுங்கோ” என்றான்.

13 ஜூலை, சனி

பிடித்துவிட்டோம்!

நான் ஓட்டுகிற சிமுலேற்றரான எக்ஸ்-பிளேனில் ஸ்பொய்லர் லீவருக்கு ஒரு எண் உண்டு. படுத்திருந்தால் 0, முழுதாக எழும்பினால் 1, ஆர்ம் என்றால் -0.5. அதைத் திரையின் மூலையில் போட்டுவிட்டு, மருமகனை அதில் மட்டும் கண் வைக்கச் சொன்னேன். ஆயிரம் அடியில் -0.5. ஐந்நூறில் -0.5. நூறிலும் அதே. முப்பது அடியில் மூக்கைத் தூக்கிக்கொண்டு திரொட்டிலை ஐடிலுக்கு இழுத்தேன். “மாமா, போச்சு!” என்று கத்தினான். எண் 0.02 என்று ஒருமுறை துடித்து 0-வில் நின்றது. பச்சை லைட்டும் அணைந்தது.

திரும்பவும் போய் வந்தோம், அதே இடம். பிறகு விமானத்தைத் தரையில் நிறுத்தி, ஆர்ம் பண்ணிவிட்டு, திரொட்டிலை மட்டும் மேலும் கீழும் ஆட்டினேன். கடைசி ஒரு அங்குலத்தில் எண் துடித்தது. மெதுவாக இழுத்தால் துடிப்பதில்லை, சட்டென்று இழுத்தால்தான். அதுதான் ஒரு நாள் வேலை செய்து மறு நாள் செய்யாமல் விட்டிருக்கிறது.

சிமுலேற்றர் மேல் பிழையில்லை. லீவரிலிருந்து வருகிற சின்னத் துடிப்பையும் அது விமானியின் கை அசைவாகத்தான் எடுக்கும். கை அசைந்தால் ஆர்ம் கழரத்தானே வேண்டும்?

14 ஜூலை, ஞாயிறு

திரொட்டில் பெட்டியைக் கழற்றினேன். பழைய பெட்டி, என் கைக்கு வரும் முன்னமே பாவித்தது. திரொட்டிலுக்கும் ஸ்பொய்லருக்கும் பக்கத்தில் பக்கத்தில் ஒவ்வொரு பொட், ரேடியோவின் வொலியூம் திருகிக்குள் இருக்கிற அதே சாமான். திரொட்டில் கை ஐடிலுக்கு வரும்போது அதன் அடிப்பக்கம் வயர்க்கட்டைத் தள்ளுகிறது. அந்தக் கட்டில் ஸ்பொய்லர் பொட்டின் எர்த் வயரும் போகிறது.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சோல்டரைச் சுற்றி முடிபோல ஒரு வெடிப்பு, வயரின் நுனியில் செம்பு பச்சை பூத்து மாவாகக் கொட்டியது. உப்புக்காற்று. நங்கூரமிட்ட படகுகளில் நாள்தோறும் பார்க்கிற அதே பச்சை. மல்ரிமீற்றரை வைத்துக்கொண்டு வயரை விரலால் தள்ளினால் முள் துள்ளுகிறது.

பச்சை பிடித்த அளவை வெட்டி எறிந்து, செம்பைச் சுரண்டி, புதிதாக ஈயம் பிடித்தேன். வயர்க்கட்டைத் திரொட்டில் கைக்கு எட்டாமல் ஓரமாக ஒதுக்கிக் கட்டினேன். பொட்டுக்குள் தூசியும் இருந்தது, கச்சான் காலத்தில் இந்த ஊரில் தூசி புகாத சாமான் கிடையாது. ஸ்பிறே அடித்து உலரவிட்டிருக்கிறேன்.

20 ஜூலை, சனி

ஒரு கிழமை ஓடிப் பார்த்தாயிற்று. திரொட்டிலை எவ்வளவு வேகமாக இழுத்தாலும் எண் -0.5-இல் அசையாமல் நிற்கிறது. சில்லு தொடுகிறது, சுற்றுகிறது, லீவர் தானாகப் பின்னால் போகிறது, தகடுகள் எழும்புகின்றன. இருந்தாலும் செற்றிங்கில், ஸ்பொய்லர் லீவர் அசைய எண் எப்படி மாறும் என்று காட்டும் வளைகோட்டை அடியில் கொஞ்சம் தட்டையாக்கி வைத்தேன், இன்னொரு வயர் பழுதானாலும் சின்னத் துடிப்பு உள்ளே போகாது.

போயிங் விமானிகளிடம் ஒரு பழக்கம் உண்டு: தொட்டவுடன் ஓட்டாத விமானி ஸ்பொய்லர் எழும்பியதா இல்லையா என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த வேலையை மருமகன் எடுத்துக்கொண்டான். இன்று நான் சொல்லிவைத்தபடி, எனக்குத் தெரியாமல் ஒரு தரம் ஆர்மைக் கழற்றிவிட்டான். தொட்டதும் “எழும்பேல்லை மாமா!” என்றான். பின்சில்லுகள் தரையில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு கையால் இழுத்தேன், ஓடுபாதை நிறைய மிச்சமிருக்கவே நின்றது. அடுத்த சனி அவன் ஓட்டுவான், நான் சொல்வேன்.