ரோபோ கால் மாட்டி நடைப் பயிற்சி: என் அனுபவம்

பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்த பிறகு, எக்ஸோஸ்கெலிட்டன் (காலுக்கு வெளியே மாட்டும் மோட்டார் வைத்த சட்டகம்) மாட்டி நடக்கவைக்கலாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். எனக்கு உடனே ஒரு சந்தேகம். இயந்திரம் நடந்தால் என் கால் எப்படி நடக்கப் பழகும்?

விரும்பியவுடன் மாட்டிவிட மாட்டார்கள். எலும்பு பலமாக இருக்கிறதா, முட்டியும் இடுப்பும் முழுதாக நீள்கின்றனவா, தசை இறுக்கம் எவ்வளவு, தோலில் புண் உண்டா, எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்றெல்லாம் பார்த்தார்கள். உயரத்துக்கும் எடைக்கும் வரம்பு உண்டு. அப்புறம் தொடை, கெண்டைக்கால் நீளம் அளந்து, இயந்திரத்தின் மூட்டு என் மூட்டுக்கு நேராக வரும்வரை திருகித் திருகிச் சரிசெய்தார்கள். அலுப்பான வேலைதான். ஆனால் கொஞ்சம் விலகினாலும் பட்டை தோலை உரசிப் புண்ணாக்கிவிடும்.

இதில் இரண்டு வகை. லோகோமேட் போன்றவற்றில் உடலைப் பட்டையில் தொங்கவிட்டு ட்ரெட்மில்மேல் நடக்கவைப்பார்கள். இன்னொன்று தரையிலேயே நடப்பது. 2016-இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி அனுமதி அமைப்பான எஃப்டிஏ பக்கவாத நோயாளிகளுக்கு அனுமதித்த எக்ஸோ (Ekso) என்ற கருவி இந்த வகை. எனக்கு வாய்த்ததும் தரையில் நடக்கும் வகைதான்.

ஆரம்பத்தில் தெரபிஸ்ட் பொத்தானை அழுத்தினால்தான் கால் எழும். பிறகு, நான் எடையை ஒரு காலுக்கு மாற்றி முன்னால் சாய்ந்தால் மறு கால் அடி வைக்கும்படி மாற்றினார். இங்கேதான் திணறினேன். வலது காலில் சாய்வது சுலபம். இடது காலை நம்பி முழு எடையையும் வைக்க மனம் வரவில்லை. எடை போகாவிட்டால் இயந்திரம் அசையாமல் நிற்கும், பிடிவாதக்காரக் கழுதைபோல. இடுப்பைத் தூக்கிக் காலை வட்டமடித்து வீசும் என் குறுக்குவழியும் அதனிடம் பலிக்கவில்லை.

"சும்மா இருந்தா அதுவே நடந்துடும். நீங்க நடங்க" என்பார் தெரபிஸ்ட். மோட்டார் எவ்வளவு உதவுகிறது என்பது திரையில் தெரியும். கால் கொஞ்சம் வேலை செய்யத் தொடங்கியதும் உதவியைக் குறைத்துவிடுவார். என் சந்தேகத்துக்குப் பதில் அதில்தான் கிடைத்தது. அடி எண்ணிக்கை கூடியதைவிட மோட்டாரின் பங்கு குறைந்ததுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. கழற்றியதும் களைப்போடு களைப்பாக, இணைகம்பிகளுக்கு நடுவே இயந்திரமில்லாமல் நடக்கவைப்பார். அதை விட்டுவிட்டால் மாட்டியதில் பாதிப் பயன் போய்விடும் என்பது என் கருத்து.

இத்தகைய இயந்திரப் பயிற்சியை பிசியோதெரபியோடு சேர்த்துச் செய்தால், பிறர் துணையின்றி நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. பக்கவாதம் வந்த முதல் மூன்று மாதங்களுக்குள் தொடங்குவோருக்கும், இன்னும் நடக்கவே முடியாதோருக்கும்தான் அதிகப் பலனாம். ஏற்கெனவே தட்டுத்தடுமாறி நடப்பவர் இதற்காக ஏங்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

நான் மாட்டியதில் மோட்டார் இடுப்பிலும் முட்டியிலும் மட்டும்; கணுக்காலில் வெறும் ஸ்பிரிங். எடை வைத்தால் முட்டி இப்போது மடங்கிச் சரியாமல் நிற்கிறது. பாதம் இன்னும் தொங்குகிறது. அதற்குக் கணுக்காலைத் தாங்கும் ஸ்பிளின்ட் மாட்டிக்கொண்டு ஊன்றுகோலோடு நடக்கிறேன்.