சுருள் கெடாமல் முடியை நேராக்கிய அனுபவம்

பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்த எனக்கு அடர்ந்த சுருட்டை முடி. தென்காசியில் நடக்கவிருந்த சித்தி மகள் திருமணத்திற்கு முடியை நேராக்கிக்கொண்டு போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆனால் அதற்காகச் சுருளை இழக்க எனக்கு மனமில்லை. விசாரித்த அழகு நிலையத்தில் ரசாயனம் பூசி நேராக்கும் முறையைத்தான் முதலில் சொன்னார்கள். முடியிலுள்ள கெரட்டின் புரதத்தை இறுக்கி வைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளையே அந்த முறை உடைத்துவிடுகிறது என்பதால், நேரான பகுதி மறுபடி சுருளாது. புதிதாக வளரும் வேர்ப்பகுதி மட்டும் சுருண்டு நிற்கும். சூடான கருவியால் நேராக்கும்போதோ, வெப்பம் அளவோடு இருக்கும்வரை வலுக்குறைந்த ஹைட்ரஜன் பிணைப்புகளை மட்டுமே தொடுகிறது. சூட்டில் விடுபட்டு, ஆறும்போது நேரான வடிவில் இணையும் அவை, தண்ணீர் பட்டதும் மீண்டும் விடுபட்டுப் பழைய சுருளுக்கே திரும்பும். அளவு மீறினால் கெரட்டினே சிதைந்துவிடும். அதன் பிறகு எந்தத் தண்ணீரும் சுருளைத் திருப்பித் தராது.

ஆகவே வெப்பநிலையை எண்ணில் காட்டும், செராமிக் தகடு பொருத்திய ஸ்ட்ரெயிட்னர் ஒன்றை வண்ணார்பேட்டையில் தேடி வாங்கினேன். சுவிட்ச் மட்டும் உள்ள மலிவான கருவிகளை வாங்க வேண்டாம் என்பேன். எத்தனை டிகிரியில் சுடுகிறது என்று தெரியாத ஒன்றைத் தலையில் வைப்பது சரியன்று. பல கருவிகள் 230 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். வீட்டில் யாருக்கும் அவ்வளவு தேவைப்படாது.

"ஏட்டி, எண்ணெய் வைக்காம தலையில சூடு காட்டாதட்டி" என்றார் ஆச்சி. அவர் சொன்னதில் பாதி முழு உண்மை. குளிப்பதற்கு முன் தேய்க்கும் தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊறி, அலசும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்று 2003இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியிருக்கிறது. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கோடு கருவியை வைக்கக் கூடாது; செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் சுமார் 175 டிகிரியிலேயே புகையத் தொடங்கிவிடும். எனவே ஆச்சி கையால் எண்ணெய் வைத்து ஊறவிட்டு, பிறகு ஷாம்பு போட்டு முழுவதுமாக அலசி, கண்டிஷனரும் தடவினேன். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். அதிலுள்ள கால்சியம் முடியில் படிந்து சொரசொரப்பாக்கும் என்பதால், குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரையே பிடித்து வைத்துத் தலை முழுகினேன்.

காயவைப்பதில்தான் எனக்கு அதிக நேரம் போனது, போகவும் வேண்டும். ஈரம் மிச்சமிருக்கும் முடியில் 100 டிகிரிக்கு மேல் சூடு பட்டால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகி முடித்தண்டுக்குள் குமிழிகளை உண்டாக்கும். அந்த இடத்தில் முடி ஒடிந்துவிடும். மேலே காய்ந்தாலும் பிடரிக்கு மேலுள்ள உட்பகுதியில் ஈரம் தங்கும் என்பதால், விரல்விட்டுத் தொட்டுப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். சுர்ரென்று சத்தமோ ஆவியோ வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

முழுத் தலையையும் தொடும் முன்பு, வெளியே தெரியாத பிடரிப் பக்கத்தில் ஒரே ஒரு கற்றையை மட்டும் 170 டிகிரியில் நேராக்கி, ஆறவிட்டு, பிறகு நனைத்துப் பார்த்தேன். அது பக்கத்துக் கற்றைகளைப் போலவே சுருண்டுகொண்டது. இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்தச் சுருட்டை முடிக்காரரும் தொடங்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

பிறகு சிலிக்கோன் கலந்த வெப்பக் காப்பு ஸ்ப்ரேயை அடித்துக் காயவிட்டேன். அது சூடு முடிக்குள் இறங்குவதைத் தாமதப்படுத்துமே தவிர முற்றிலும் தடுக்காது. மதினி பின்புறத்தைப் பார்த்துக்கொள்ள, இரண்டு விரல் அகலக் கற்றைகளாகப் பிரித்து, மற்றவற்றைக் கிளிப் போட்டு ஒதுக்கினோம். சீப்பு முன்னே போக, கருவி அதன் பின்னே எங்கும் நிற்காமல் நுனிவரை மெதுவாக இறங்கியது. வளைவு நின்றால் இன்னொரு முறை. மூன்றாம் முறை கிடையாது. காதோரத்து மெல்லிய முடிக்கு 150 டிகிரியே போதுமாக இருந்தது. பின்புறத்து அடர்த்திக்கு 180 வரை ஏற்றினோம். முழுவதும் ஆறும்வரை முடியைக் கட்டவில்லை. ஆறும்போதுதான் புதிய வடிவம் நிலைக்கிறது.

தென்காசியில் அன்று சாரல். காற்றின் ஈரத்திலேயே வேர்ப்பகுதி உப்பத் தொடங்கியது. மண்டபத்தில் மறுபடி கருவி வைக்கலாம் என்று மதினி சொன்னதற்கு நான் சம்மதிக்கவில்லை. ஈரம் ஏறிய முடியில் ஒரே நாளில் இரண்டாம் சூடு தேவையற்றது. தளரப் பின்னிப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டேன், பார்க்க நன்றாகவே இருந்தது.

ஊர் திரும்பித் தலைக்குக் குளித்ததும் சுருள் திரும்பிவிட்டது. பின்புறத்தில் சில நுனிகள் மட்டும் சற்றுத் தளர்ந்து நின்றன. நுனி என்பது முடியின் மிகப் பழைய பகுதி. ஆண்டுக்கணக்கில் வெயிலும் சீப்பும் பட்டது. முடி உயிரற்றது என்பதால் அது தானாகச் சரியாகாது. அந்த நுனிகளைக் கத்தரித்துவிட்டேன். அடுத்து ஏதேனும் விசேஷம் வந்தால் பின்புறத்திற்கும் 170க்கு மேல் போகாமல், நுனியில் கருவியை இன்னும் விரைவாக இழுத்துவிடப் போகிறேன்.