கதவுக்குக் கீழே: ஒரு யூனோஸ் ரோட்ஸ்டரோடு நாலு வருஷம்

கார் கப்பல் ஏறும் முன்பே, இன்ஜினின் சக்தியைக் கூட்டும் டர்போ கிட்டுக்கென்று 3,000 பவுண்டு தனியாக எடுத்து வைத்துவிட்டேன். அதில் ஒரு பென்னிகூட டர்போவுக்குப் போகவில்லை.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், கவெண்ட்ரியில். 2021-ல் ஜப்பானில் ஏலத்தில் எடுத்தது 1991 மாடல் யூனோஸ் ரோட்ஸ்டர். மாஸ்டா எம்எக்ஸ்-5 என்றால் பலருக்குப் புரியும். ஜப்பானில் அப்போது யூனோஸ் என்ற பெயரில் விற்றார்கள். 1.6 லிட்டர் இன்ஜின், 120 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. ஜப்பானிலும் இங்கேயும் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் ஸ்டீயரிங், ஹெட்லைட் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

ஏலத் தாளில் காரை மேலிருந்து பார்த்தமாதிரி ஒரு படம் இருக்கும். அதில் எழுத்துகளைக் குறித்து வைப்பார்கள். ஏ என்றால் கீறல், யு என்றால் நசுங்கல், எஸ் என்றால் துரு, சி என்றால் அரித்துப்போனது. என் தாளில் கிரேடு 3.5, நாலைந்து ஏ, பின்பக்கம் ஒரே ஒரு எஸ். அந்த ஒற்றை எஸ்ஸைப் பார்த்து, "முப்பது வயசுக் காருக்கு இதுகூட இல்லாமலா" என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஏலத்தில் சோதிப்பவர் வெளியே தெரிவதைத்தான் எழுத முடியும். தகட்டுக்கு உள்ளே எட்டிப் பார்க்க அவரிடம் என்ன இருக்கிறது?

யோகோஹாமாவில் ஏறி சவுத்தாம்ப்டனில் இறங்கியது. 10 சதவீதம் சுங்கம், அதன் மேல் 20 சதவீத வாட் வரி கட்டினேன். வண்டி வந்த 14 நாளுக்குள் வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்; அதை முடித்தால்தான் பதிவு. பத்து வருஷத்துக்கு மேற்பட்ட கார் என்பதால் தனி ஒப்புதல் சோதனை கிடையாது, வருஷாவருஷம் நடக்கும் வழக்கமான எம்ஓடி தகுதிச் சோதனை போதும். அதற்காகப் பின்னால் ஒரு ஃபாக் லைட் மாட்டினேன், நடுவிலோ வலப்பக்கமோதான் இருக்க வேண்டும். அது எரிகிறதா என்று காட்ட டேஷ்போர்டில் ஒரு சின்ன விளக்கு. கிலோமீட்டர் டயலை எடுத்துவிட்டு மைல் டயல் போட்டேன்.

தொல்லை தந்தது சேசிஸ் நம்பர்தான். ஜப்பானுக்குள் விற்ற கார்களுக்கு 17 எழுத்து எண் கிடையாது. என் காருக்கு என்ஏ6சிஇ என்று தொடங்கிப் பின்னால் சில இலக்கங்கள், அவ்வளவுதான். இன்சூரன்ஸ் தளங்கள் 17 எழுத்து கேட்கும், குறைந்தால் சிவப்புக் கோடு போடும். கடைசியில் போனில் பேசி, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லித்தான் எடுத்தேன். ரேடியோ 76-லிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். அதனால் அந்தக் காரில் பிபிசி ரேடியோ 2 தவிர எதுவும் கேட்டதில்லை. இன்னும் மாற்றவில்லை, பழகிவிட்டது.

முதலில், இன்ஜினுக்குள் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் டைமிங் பெல்ட். பெல்ட் மாற்றினால் பானெட்டுக்குள் எத்தனையாவது கிலோமீட்டரில் மாற்றியது என்று ஜப்பானில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஓடோமீட்டரில் 1,04,000, ஸ்டிக்கரோ இல்லை. இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது என்பது ஆறுதல், ஆனால் நடுரோட்டில் நிற்பதில் ஆறுதல் எதுவும் இல்லை. பெல்ட்டோடு வாட்டர் பம்பையும் மாற்றினேன், இரண்டுக்கும் ஒரே பிரிப்பு. இன்ஜினின் முக்கியத் தண்டான கிராங்கின் முனையில் மாட்டிய புல்லியில் எத்தனை வெட்டு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். நாலு என்றால் ஆரம்பகால கிராங்க்; அதன் முனை சின்னது, போல்ட் சரியாக முறுக்கப்படாவிட்டால் புல்லியைத் தண்டோடு பூட்டும் சாவிக்கட்டை தேய்ந்து புல்லி ஆட ஆரம்பிக்கும். எட்டு என்றால் நிம்மதி. மூன்று முறை எண்ணினேன், எட்டு.

அடுத்து ஆயில் கசிவு. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டிக்கொண்டே இருந்தது. பக்கத்து கராஜில் காட்டினேன். பின்பக்க ஆயில் சீல், கியர்பாக்ஸை இறக்க வேண்டும், 600 பவுண்டு என்றார்கள். வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் ஈரம் மேலேயிருந்து வழிந்திருந்தது. இன்ஜின் ஹெட்டின் பின்னால், தடுப்புச் சுவரை ஒட்டி, ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரத்துக்குக் கணக்குத் தரும் கேம் ஆங்கிள் சென்சார் இருக்கிறது. அதன் ரப்பர் வளையமான ஓ-ரிங் இறுகிப்போய் பிளாஸ்டிக் வளையல் மாதிரி இருந்தது, எடுக்கும்போதே இரண்டாக உடைந்தது. புது ரிங் இரண்டு பவுண்டு. ஒரே ஒரு போல்ட், ஆனால் கை நுழையாத இடம். ஒரு சனிக்கிழமை முழுக்க போய்விட்டது. சென்சாரைக் கழற்றும் முன் அது இருந்த இடத்தை மார்க்கரால் கோடு போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் பொறி விடும் நேரமான இக்னிஷன் டைமிங் தவறிவிடும்.

அதே சென்சாரைக் கொஞ்சம் திருப்பினால் காசில்லாத மாடிஃபிகேஷன் ஒன்றும் கிடைக்கும். டயக்னாஸ்டிக் பெட்டியில் இரண்டு முனைகளை ஒரு கம்பியால் இணைத்து, டைமிங் லைட் பிடித்து, பொறி முந்தி வரும் அளவை 10 டிகிரியிலிருந்து 14 ஆக்கினேன். அதன்பிறகு உயர் ஆக்டேன் பெட்ரோல்தான் போடுகிறேன். கீழ் ஆர்பிஎம்மில் இழுவை நன்றாகவே தெரிந்தது. டர்போ ஆசை இன்னும் கூடியது.

2022 நவம்பரில் ஒருநாள் மனைவியைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். ரவுண்டானாவில் திரும்பும்போது கேட்டாள், "ஏங்க, கதவுக்குள்ள தண்ணி பாட்டில் ஏதும் வெச்சிருக்கீங்களா? சளக் சளக்குன்னு ஆடுது."

பாட்டில் எதுவும் இல்லை. இந்தக் காரின் துணிக்கூரை மேல் விழும் மழைத்தண்ணீர் பின்பக்கம் ஒரு வாய்க்காலில் சேர்ந்து, சீட் பெல்ட் பக்கத்தில் இருக்கும் குழாய் வழியாக இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் வெளியே போக வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குக் கீழே பெட்டி மாதிரி ஓடும் தகட்டுக்குள் போய் நின்றுவிடும். இங்கே அதை சில் என்பார்கள். மழமழப்பான கேபிள் ஒன்றை மேலிருந்து விட்டுக் குத்தினேன். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு கறுப்புச் சேறும் மக்கின இலையும் பொத்தென்று விழுந்தன, அதன் பின்னால் டீ நிறத்தில் தண்ணீர். அந்த இலைகளில் எத்தனை ஜப்பானில் விழுந்தவையோ! குளிர்காலத்தில் இங்கே சாலைக்கு உப்புத் தூவுகிறார்கள். என் காரின் அடியில் பாதுகாப்பு மெழுகு எதுவும் பூசியிருக்கவில்லை. உள்ளே தண்ணீர், வெளியே உப்பு.

மார்ச்சில் எம்ஓடி. சோதிப்பவர் சின்னச் சுத்தியால் சில்லை முன்னாலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். பலாப்பழம் தட்டுகிறமாதிரி இருந்தது. முன்பக்கம் கணீரென்று கேட்டது. பின்சக்கரத்தை நெருங்க நெருங்க சத்தம் மொத்தென்று மாறியது. ஒரு இடத்தில் தட்டியதும் சுத்தி முனை உள்ளே போய்விட்டது. அவர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். சஸ்பென்ஷனும் சீட் பெல்ட்டும் பிடித்திருக்கும் இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் இப்படி அரித்திருந்தால் ஃபெயில்தான்.

ஊரில் இதற்கு ஒரு டிங்கரிங் ஷெட்டில் தகடு வைத்துப் பட்டி பார்த்துவிடுவார்கள் என்று தோன்றாமல் இல்லை. இங்கே அது செல்லாது. ஒட்டும் தகட்டின் ஓரம் முழுக்க விடாமல் வெல்டிங் ஓட வேண்டும். வெல்டர் வெளித்தகட்டை வெட்டிக் காட்டியபோதுதான் உள்ளே இன்னும் ஒரு தகடு இருப்பதே தெரிந்தது. அதுவும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. இரண்டு பக்கமும் உள்ளும் புறமும் புதுத் தகடு, பெயின்ட், உள்ளே மெழுகு எல்லாம் சேர்த்து 2,200 பவுண்டு.

மிச்சப் பணத்தில் காய்லோவர் (உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சஸ்பென்ஷன்) வாங்கினேன், அது வேறு கதை. இந்தக் காரின் நாலு சக்கரத்துக்கும் கேம்பர் (சக்கரம் சாயும் கோணம்), டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பும் கோணம்) எல்லாம் திருத்தலாம். அதற்கென்று சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கையில் முட்டைவடிவ வாஷர் வைத்த போல்ட்டுகள் இருக்கின்றன. முப்பது வருஷம் யாரும் திருப்பாததால் அந்தக் கையின் ரப்பர் புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழாயோடு ஒன்றாகிப் போயிருந்தன. சூடு காட்டினேன், எண்ணெய் விட்டேன், கம்பி நீட்டி எம்பினேன். ஆறு வந்தன. ஒன்றை அறுத்து எடுத்தேன். போதாததற்கு முதல் தடவை காரை ரொம்ப இறக்கிவிட்டேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் சஸ்பென்ஷன் அதற்கு மேல் அமுங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பில் இடித்தது. 20 மில்லிமீட்டர் திரும்ப ஏற்றிய பிறகுதான் வளைவுகளில் அது அதுவாக ஓடியது. கிட்டத்தட்ட கம்பெனி உயரம்தான் அது. காய்லோவர், டைமிங் என்று எல்லாவற்றையும் இன்சூரன்ஸில் எழுதிக் கொடுத்தேன். 90 பவுண்டு ஏறியது.

இப்போது இலை உதிரும் காலம் தொடங்கியதும் ஒரு செம்புத் தண்ணீர் எடுத்துப்போய்க் கூரை வாய்க்காலில் ஊற்றுகிறேன். மனைவி சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து, "வந்துடுச்சு" என்பாள். பிறகு மறுபக்கம். இடப்பக்கப் பின்சக்கரத்தில் ஒரு போல்ட் மட்டும் இன்னும் அசையவில்லை, வசந்தத்தில் திரும்பப் பார்க்க வேண்டும்.