பஸ் டைம் எழுதின தாள்

பீரோவைக் காலி பண்ணும்போது பழைய சார்ட் ஒன்று கிடைத்தது. மூன்று கட்டம். இடதில் 'திஸ், தட்', நடுவில் 'இஸ்', வலதில் 'எ புக், எ பென், எ ஸ்லேட்'. வாத்தியார் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே எழுதியது.

சேலம் குகைப் பகுதியில் நான் ஆறாவது படித்தபோது எனக்கு இங்கிலீஷ் வந்ததும் இப்படித்தான். டீச்சர் புத்தகத்தைத் தொட்டால் 'திஸ்', ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினால் 'தட்'. 1959ல் பிரிட்டிஷ் கவுன்சில் உதவியோடு மெட்ராஸ் மாநிலத்தில் இப்படி இங்கிலீஷ் சொல்லித்தர ஆசிரியர்களுக்கு ஆரம்பித்த பயிற்சி, ஒரு ஆசிரியரிடமிருந்து இன்னொருவருக்கு உருண்டு பரவியதால் அதற்கு 'ஸ்நோபால்', அதாவது பனி உருண்டை, என்றே பேர். அந்தக் கட்டங்களை இன்று குறை சொல்கிறார்கள். வாயே திறக்காத பிள்ளைக்கு முழு வாக்கியம் சொல்லும் தைரியத்தை அதுதான் கொடுத்தது. ஆனால் கட்டத்தைத் தாண்டி ஒரு வார்த்தை வராது, அதுவும் உண்மை.

ஏற்காட்டு மலைக் கிராமத்தில் வேலை பார்த்தபோது, ஒரு பயிற்சி வகுப்பில், ஆங்கிலக் கல்வியாளர் என்.எஸ்.பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய பெங்களூர்-மெட்ராஸ் திட்டம் பற்றிச் சொன்னார்கள். இலக்கணம் நடத்தாமல் மேப், ரயில் டைம் டேபிள் என்று கையில் கொடுத்து வேலை வாங்குவது. எங்கள் பிள்ளைகள் ரயிலில் ஏறினதில்லை. அதனால் ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் நின்று, சேலம் போகும் பஸ் நேரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தேன்.

"கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்று இங்கிலீஷில் கேட்டேன். தாளில் 6.00 என்று இருந்தது. அப்பாவோடு பஸ் ஸ்டாண்டில் மிளகு மூட்டைக்குக் காவலிருந்து பழகின ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தான்: "நோ சார். பஸ் லேட். சிக்ஸ் ஃபார்ட்டி." எந்தக் கட்டத்திலும் இல்லாத இங்கிலீஷ். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாளை வாங்கி 6.00ஐப் பென்சிலால் அடித்து 6.40 என்று எழுதினான்.

2007ல் செயல்வழிக் கற்றல் வந்தது: பிள்ளைகள் தாங்களே செய்து படிக்கும் அட்டைகள், அவற்றின் வரிசையைக் காட்டும் ஏணிப்படி, தரையோடு கரும்பலகை, கம்பிப் பந்தல். பிள்ளைகள் தலைக்கு மேலே தங்கள் எழுத்து தொங்குவதை அண்ணாந்து பார்ப்பார்கள். மலை ஈரத்தில் அட்டைகள் சுருண்டுகொள்ளும், வெயில் வந்தால் பரப்பிக் காயவைப்போம். 2018ல் க்யூஆர் கோடு போட்ட புத்தகம் வந்தது. வழவழப்பான அழகான புத்தகம். பள்ளிக்கூடத்தில் சிக்னல் கிடையாது. காலையில் வளைவு ரோடு வரை நடந்து, போனில் பாடத்தை இறக்கிக்கொண்டு வருவேன்.

சார்ட்டைச் சுருட்டி வைத்துவிட்டேன். பஸ் தாளை மட்டும், மலைக்குப் போஸ்டிங் கிடைத்திருக்கும் எதிர் வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தேன். "நேரத்த மட்டும் மாத்திக்க கண்ணு" என்றேன்.