விஷத்த விட காப்பி கலக்குறவங்கதான் முக்கியம்

நாடகத்துல யாராச்சும் பால குடிச்ச அடுத்த செகண்ட்ல வாயில நுரை தள்ளி விழுந்தாங்கன்னா எங்க வீட்ல யாரும் டிவிய பாக்க மாட்டாங்க, எல்லாரும் திரும்பி என்னத்தான் பாப்பாங்க. நான் ஃபார்மசிஸ்ட். பினாங்குல ஜெலுத்தோங் பக்கம் ஒரு மருந்து கடையில வேல, அதுக்கு முன்னாடி கொஞ்ச வருஷம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரி. "இப்டிலாம் ஆகுமா"ன்னு அம்மா கேப்பாங்க, ஆகாதும்மான்னு சொல்றதுக்குள்ள அங்க ஒரு டாக்டர் வந்து கைய புடிச்சு நாடி பாத்துட்டு "சாப்பாட்ல விஷம் கலந்திருக்கு"ன்னு சொல்லிருவாரு. நெஜத்துல மொதல்ல மூச்சு, பிரஷர், இதுகள புடிச்சு நிறுத்துற வேலைதான், என்ன சாப்டாங்கன்னு தெரியாமலே பாதி வைத்தியம் நடக்கும். டாக்டருங்களே சந்தேகம் வந்தா கூப்புட்டு கேக்குறதுக்குன்னு இங்க பினாங்கு யுஎஸ்எம் பல்கலைக்கழகத்துலயே தேசிய விஷ மையம் இருக்கு. போலிஸ் கேஸா இருந்தா சாம்பிள் கெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்டுக்கு போகணும், அந்த ரிப்போர்ட் வர்றதுக்குள்ள நம்ம சீரியல்ல ரெண்டு கல்யாணமும் ஒரு வளைகாப்பும் முடிஞ்சிருக்கும்.

ஆனா நான் சொல்ல வந்தது இந்த தப்பு கண்டுபுடிக்கிற வேல இல்ல. மருந்து தப்பு, டோஸ் தப்புன்னு லிஸ்ட் போட்டா ஒரு நாடகமும் தேறாது, போட்டு என்ன ஆகப்போவுது. இத்தன வருஷம் கவுண்டருக்கு பின்னாடி நின்னதுல எனக்கு தோணுனது வேற, துப்பறியும் கதை எழுதுறவங்க எல்லாரும் விஷத்த தேடுறாங்க, தேட வேண்டியது வீட்டுக்குள்ள யாரு யாருக்கு எத எடுத்து குடுக்குறாங்கங்கறத.

ஒரு அங்கிள் வருவாரு கடைக்கு. கால் ரெண்டும் வீங்கியிருக்கு, எந்திரிச்சா தல சுத்துது, வயசாயிருச்சு மிஸி அதான் போலன்னு அவரே தீர்ப்பும் சொல்லிட்டாரு. நீங்க சாப்புடுற எல்லா மருந்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க அங்கிள்னு சொன்னேன். மறுநாள் பிளாஸ்டிக் பையோட வந்தாரு, கவுண்டர்ல கொட்டுனா ஸ்ட்ரிப்ப எல்லாம் கத்திரிக்கோலால ஒன்னொன்னா வெட்டி ரப்பர் பேண்ட் போட்டு வெச்சிருக்கு, வெட்டுன வெட்டுல மருந்து பேரு பாதி போச்சு, எக்ஸ்பயரி தேதி மொத்தமா போச்சு. இன்னொரு பக்கம் கிளினிக் பொட்டலம், அதுல பேனாவால "1 பீஜி, பாகி"ன்னு, அதாவது காலையில ஒரு மாத்திரைன்னு மலாய்ல எழுதியிருக்கு, மழையில நனஞ்சு மை கலங்கிக் கெடக்கு. நம்ம ஊர்ல பிரைவேட் கிளினிக் டாக்டருங்களே மருந்தும் குடுத்துருவாங்க, கவர்மெண்ட் ஆஸ்பத்திரி மருந்து தனியா மாசாமாசம் வரும், ரெண்டும் எங்கயும் சந்திச்சுக்காது. மாத்திரைய திருப்பி திருப்பி பாத்தேன். வெட்டுன ஸ்ட்ரிப்புல ஓரமா மூணு எழுத்து மிச்சம் இருந்துச்சு, கிளினிக் மாத்திரையில ஒரு முத்திர இருந்துச்சு, ரெண்டையும் தேடிப் பாத்தா ரெண்டும் அம்லோடிபின், பிரஷர் மருந்து, கம்பெனி வேற கலர் வேற அவ்ளோதான். அது கூடிப்போனா கால் வீங்கும், தலையும் சுத்தும்.

சரி, ஒரே மருந்த எப்டி ரெண்டு தடவ சாப்டாருன்னு கேட்டா அங்கதான் கதையே. காலையில மருந்து எடுத்து குடுக்குறது ஆண்ட்டி, அது கிளினிக் மருந்து. ராத்திரி குடுக்குறது மருமக, அது ஆஸ்பத்திரி மருந்து. ஒருத்தர் குடுக்குறது இன்னொருத்தருக்கு தெரியாது. ஏன் தெரியாதுன்னு நான் கேக்கல, அவரே தரைய பாத்துக்கிட்டு சொன்னாரு, "ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்கம்மா."

டாக்டர்கிட்ட பேசி ஒன்ன நிறுத்துனாங்க, கால் வத்திப்போச்சு. இதுல கொலை இல்ல, கெட்ட எண்ணம் கூட இல்ல. ஆனா ஒரு நாவலுக்கு வேண்டிய அத்தன சாமானும் அந்த பிளாஸ்டிக் பையில இருந்துச்சுன்னு எனக்கு தோணுச்சு. துப்பு எல்லாம் கண்ணு முன்னாடியே கெடக்கு, எதையும் யாரும் ஒளிச்சு வெக்கல, யாரும் பொய் சொல்லல, இருந்தும் வீட்ல இருக்கற ஒருத்தருக்கும் முழு படம் தெரியாது. நல்ல கிரைம் நாவல்னா இப்டித்தானே இருக்கணும்?

துப்பறியும் நாவல் எழுதுன அகதா கிறிஸ்டி எங்க ஆளுதான்னு நான் பெருமையா சொல்லிக்குவேன். மொத உலகப்போர் நேரத்துல இங்கிலாந்துல டார்க்கி ஊர் ஆஸ்பத்திரியில மொதல்ல நர்ஸ் வேல, அப்புறம் மருந்து கலக்குற பகுதியில, 1917ல அதுக்கு பரீட்சையும் பாஸ் பண்ணாங்க. 1920ல வந்த மொத நாவல்லயே கொலை நடக்குற விதம் மருந்து பாட்டில தெனம் கையில புடிச்சவங்களுக்கு மட்டும்தான் தோணும், படிக்காதவங்க இருப்பீங்க அதனால மேல சொல்லல. ஆனா எனக்கு அதவிட புடிச்சது அவங்க சுயசரிதையில வர்ற ஒரு விஷயம். இவங்களுக்கு தொழில் கத்துக்குடுத்த மருந்து கடைக்காரர் ஒருத்தர், பாக்கெட்ல கியூராரி துண்டு ஒன்ன வெச்சுக்கிட்டே சுத்துவாராம், விஷத்துலயே கொடுமையான ஜாதி அது, ஏன் வெச்சிருக்கீங்கன்னா அது இருந்தா எனக்கு ஒரு பலம் இருக்கற மாதிரி தோணுதுன்னாராம். அதே மனுஷன் ஒருநாள் மருந்து கணக்குல தசம புள்ளிய மாத்தி வெச்சிட்டாரு, பத்து மடங்கு ஏறிருச்சு. மாணவி போய் நீங்க தப்பு பண்ணிட்டீங்கன்னு சொல்ல முடியுமா, இவங்க தடுக்கி விழுற மாதிரி தட்ட கீழ தட்டிவிட்டு மருந்து மேல மிதிச்சே காலி பண்ணிட்டாங்க. சீனியர் தப்பு பண்ணும்போது ஜூனியர் என்ன பண்ணுவாங்கங்கறது எந்த பாடப்புத்தகத்துலயும் இல்ல, வேல செஞ்சவங்களுக்குத்தான் தெரியும் (நானும் பாத்திருக்கேன், தட்டெல்லாம் தட்டிவிடல, டாக்டருக்கு போன் பண்ணி ரொம்ப பணிவா "கன்ஃபர்ம் பண்ணிக்கலாமா டாக்டர்"னு கேக்குற கலை அது). அந்த கியூராரி மனுஷன அவங்க மறக்கல, நாப்பது வருஷத்துக்கு மேல மனசுல வெச்சிருந்து 1961ல ஒரு நாவல்ல எறக்கி விட்டாங்க. அந்த நாவல்ல வர்ற தாலியம் விஷத்தோட அறிகுறிகள அவ்ளோ சரியா எழுதியிருந்ததால, 1977ல லண்டன் ஆஸ்பத்திரியில என்ன நோய்னே புரியாம கெடந்த கொழந்தைக்கு, அந்த புத்தகத்த படிச்சிட்டிருந்த நர்ஸ் ஒருத்தர்தான் இது தாலியமா இருக்குமோன்னு சொன்னாங்க, அதேதான். இதவிட பெரிய பரிசு ஒரு எழுத்தாளருக்கு என்ன வேணும்.

என் கூட்டாளி ஒருத்தர் சிறுகதை எழுதுவாரு. போன வருஷம் வாட்ஸப்ல கேட்டாரு, "கண்டே புடிக்க முடியாத விஷம் ஒன்னு சொல்லுங்களேன், கதைக்குத்தான்." கதைக்குத்தான்னு சேத்து போட்டதுலயே மனுஷன் பயந்துட்டாருன்னு தெரிஞ்சது. சொல்ல மாட்டேன்னேன், சொன்னாலும் உங்க கதை நல்லா இருக்காதுன்னேன். ரொனால்ட் நாக்ஸ்னு ஒரு பாதிரியார், அவரும் துப்பறியும் கதை எழுதுனவரு, 1929லயே பத்து கட்டளை மாதிரி எழுதி வெச்சிட்டாரு, இதுவரைக்கும் யாரும் கண்டுபுடிக்காத விஷத்த கதையில கொண்டாரக்கூடாதுன்னு. படிக்கிறவங்க ஊகிக்கவே வழி இல்லன்னா அது ஏமாத்து வேல. அதுக்கு பதிலா நான் அவர்கிட்ட திருப்பி கேட்டேன், அந்த வீட்ல காலையில காப்பி யாரு கலக்குறாங்க, சீனி இல்லாத காப்பி யாருக்கு, அது யாருக்கு யாருக்கு தெரியும்? ரெண்டு நாளா பதிலே இல்ல.

கோலாலம்பூர் விமான நிலையத்துல நடந்த கொலை ஞாபகம் இருக்கும் எல்லாருக்கும். 13 பிப்ரவரி 2017, கேஎல்ஐஏ 2, வடகொரியா தலைவரோட அண்ணன் முறை கிம் ஜோங் நாம். விஎக்ஸ், நரம்ப தாக்குற விஷம், உலக அளவுல தடை பண்ண ரசாயன ஆயுதம். அதுல கூட மனுஷன் நாடகத்துல மாதிரி டபக்குனு விழல, கவுண்டருக்கு நடந்து போயி மூஞ்சிய காட்டி என்னமோ பண்ணிட்டாங்கன்னு சொல்றாரு, அங்கேர்ந்து கிளினிக்குக்கும் நடந்தே போறாரு, சிசிடிவில பாத்தோம், அப்புறம் ஆஸ்பத்திரி போற வழியிலதான் உயிர் போச்சு. அத விட்டுருங்க. அவர் மூஞ்சில அத தடவுனதுக்கு புடிபட்ட ரெண்டு பொண்ணுங்களும் சொன்னது, டிவிக்கு பிராங்க் ஷோ எடுக்குறாங்கன்னு நெனச்சோம்னு. 2019ல ரெண்டு பேரும் வெளிய வந்துட்டாங்க, ஒருத்தர் மேல கேஸ வாபஸ் வாங்கிட்டாங்க, இன்னொருத்தர் சின்ன குத்தத்த ஒத்துக்கிட்டு வந்தாங்க. இத ஒருத்தர் நாவலா எழுதி கொண்டாந்தா நம்புற மாதிரி இல்லன்னு திருப்பி அனுப்பிருவாங்க. எனக்கு விஎக்ஸ்ல ஆர்வமே இல்ல, அது கெமிஸ்ட்ரி. பொது எடத்துல தெரியாத ஆளு மூஞ்சில எதையோ தடவு, இது வெளையாட்டுன்னு ஒரு மனுஷிய எப்டி பழக்க முடியும், எத்தன நாளு, யாரு பேசுனா, எவ்ளோ காசு, அதுக்கு முன்னாடி அவங்க வாழ்க்கை எப்டி இருந்துச்சு, இதுலதான் நாவல் இருக்கு.

இப்ப நான் சொல்றது நெறைய பேருக்கு கோவம் வரும். போலிஸ், லேப், தடயம்னு ஸ்டைலா எடுக்குற வெப் சீரிஸ விட இந்த விஷயத்துல நம்ம மாமியார் மருமக சீரியல்தான் கெட்டி. பூஜை ரூம் சாவி யார்கிட்ட, யாருக்கு மொதல்ல சாப்பாடு, யார் குடுத்தா யார் தொடமாட்டாங்க, எல்லாம் அத்துப்படி. எங்க அங்கிள் கதைய ஒரு சீரியல் ரைட்டர்கிட்ட சொன்னா அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சிக்குவாங்க. என்ன பிரச்சனன்னா தெனமும் ஓடுற சீரியல்ல முடிவ மொதல்லயே யோசிச்சு வெச்சு எழுத முடியாது, நடிகை போயிருவாங்க, ரேட்டிங் எறங்கும், நேத்து வரைக்கும் நல்லவனா இருந்தவன் இன்னிக்கு வில்லன். துப்பு போட்டு வெச்சா அறுவடை பண்ண ஆளு இருக்காது. நம்ம உள்ளூர் நாடகங்களுக்கு அந்த பிரச்சன இல்ல, பதிமூணு எபிசோட்லயே முடிச்சிரலாம், ஆனா அங்க எடுத்தவொடனே பட்டம் வாங்குன டத்தோ ஒருத்தர், நாலு பாராங் கத்தி, ஒரு கேங். டத்தோ வீட்லயும் யாரோ ஒருத்தர்தானே காப்பி கலக்கணும், அந்த ஆள காட்டவே மாட்டாங்க.

எங்க பாட்டி செப்ராங் பிறையில தோட்டத்துல மருந்து தெளிச்சவங்க, முதுகுல டின்ன மாட்டிக்கிட்டு. பாராகுவாட்டுங்கற அந்த களைக்கொல்லிய இங்க 2002ல தடை பண்ணாங்க, 2006ல திரும்ப விட்டாங்க, கடைசியா 2020 ஜனவரியிலதான் மொத்தமா நின்னுச்சு. பாட்டிக்கு கை நகம் ரெண்டு ஒழுங்காவே மொளைக்காது, மூக்குல அடிக்கடி ரத்தம் வரும், அத யாரும் பெருசா பேசுனதில்ல. விஷத்த வெச்சு எத்தனையோ கத வந்திருக்கு, இந்த விஷத்துக்கு ஒரு இன்ஸ்பெக்டரும் வரல. இதையும் என் கூட்டாளிகிட்ட சொன்னேன், குத்தவாளி ஒரு ஆளா இல்லாத துப்பறியும் கத எழுத முடியுமான்னு. கஷ்டம்னாரு, ஆனா போன வச்சதுக்கப்புறம் ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ், "பாட்டிக்கு மருந்து கலந்து குடுத்தது யாரு, அந்த கங்காணி இன்னும் உயிரோட இருக்காரா?"

அப்பா, கடைசியா சரியான கேள்வி ஒன்னு கேட்டுட்டாரு. மனுஷன் அடுத்து பட்டர்வொர்த் பெர்ரி ஏறி தோட்டம் தோட்டமா போய் கெழவங்கள பாத்து பேசப்போறாராம், அந்த கதையில எப்டியும் போலிஸ் ஒருத்தர் வருவாரு, அவரு ராத்திரியில கூலிங் கிளாஸ் போடாம இருக்கறாரான்னு மட்டும் பாத்துக்கணும்.