பாண்டியன் கிரீடம்

ஜனவரி 20, செவ்வாய்

ஆண்டு விழாவுக்கு இந்த முறை கண்ணகி வழக்குரைக்கும் நாடகம். வசனம் தமிழய்யா, சேலை கட்டிவிடுவது கணக்கு டீச்சர், கிரீடம் என் தலையில். வாடகைக்கு எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். வேஷச் சாமான் விடுகிறவர் 300 ரூபாய் வாடகை, 1,000 ரூபாய் முன்பணம் என்றார். கடைசியில் ராஜா மயங்கி விழும்போது கிரீடமும் உருள வேண்டும் என்று சொன்னதும் போனில் சத்தமே இல்லை. அப்புறம், "டீச்சர், அதுல பூராம் கண்ணாடிக் கல்லு. நீங்க வேற எங்கிட்டாவது பாருங்க."

சரி, நாமே செய்வோம். கையில் இருப்பது 500 ரூபாய்.

ஜனவரி 24, சனி

திருமங்கலத்தில் பஸ் ஏறி மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மீனாட்சி கோயில் பக்கமாக நடந்தேன். முதலில் நுழைந்த பேன்சி கடையில் 8 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் முத்து, கவருக்கு 20 எண்ணம், 40 ரூபாய். எனக்கு 300 முத்தாவது வேண்டும். மனசுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

பழக்கதோஷத்தில் கால் புதுமண்டபத்துக்கே போனது. திருமலை நாயக்கர் கட்டிய தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல் மெஷின் ஓடும். சித்திரை வந்தால் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களின் உடுப்பு அங்கேதான் தைப்பார்கள். அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அங்கே போய், ஜரிகை வைத்துத் தைத்துக்கொண்டிருந்த ஒரு அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். மெஷினை நிறுத்தாமலே, "பேன்சி கடைக்கு ஏன் போறீங்க? ஆரி எம்பிராய்டரி சாமான் கடைக்குப் போங்க. பாக்கெட் கேக்காதீங்க, எடை கேளுங்க" என்றார்.

எடைக்கு 100 கிராம் முத்து 80 ரூபாய். ராத்திரி தட்டில் கொட்டி எண்ணினேன்: 347. பேன்சி கடை விலையில் கிட்டத்தட்ட 700 ரூபாய்ச் சரக்கு. இதே அளவுக் கண்ணாடி மணியையும் காட்டினார்கள். பளபளப்பு கூடுதல்தான், ஆனால் கையில் அள்ளினால் இரண்டு மடங்குக்கு மேல் கனம். பதின்மூன்று வயசுப் பையன் கழுத்து தாங்க வேண்டுமே.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கடுகு மாதிரிச் சின்னப் பாசி 60 ரூபாய்க்கு, சிவப்புக் கல் 50 ரூபாய்க்கு. ஆசை.

ஜனவரி 25, ஞாயிறு

பக்கத்து வீட்டில் மாடி கட்டுகிறார்கள். கொத்தனாரிடம் கேட்டதும் ஒரு கை கட்டுக்கம்பி சும்மாவே கொடுத்தார். ஓசிக் கம்பியில் முத்துக் கோத்து ஒரு வளைவு முடிக்க முக்கால் மணி நேரம்; விரலெல்லாம் கரி. துடைத்துவிட்டு, அதை மாடிப்படியில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 27, செவ்வாய்

பனியில் நனைந்து கம்பி துருப்பிடித்துவிட்டது. முத்தின் ஓட்டையைச் சுற்றி வெற்றிலை போட்ட வாய் மாதிரி ஒரு கறை. பதினாலு முத்து போச்சு.

சாயங்காலம் மோட்டார் காயில் கட்டும் கடையில் கேட்டேன். பம்புசெட் மோட்டாருக்குச் சுற்றும் செம்புக் கம்பிக்கு மேலே வார்னிஷ் பூச்சு உண்டு. துருவும் ஏறாது, நிறமும் பழைய தங்கம் மாதிரி. கடைக்காரர் மூலையில் கிடந்த பழைய காயிலைத் தொடவிடவில்லை. "அது எரிஞ்சது டீச்சர், ஒடிஞ்சு ஒடிஞ்சு போகும்." புதுச் சுருளில் சுற்றியது போக மிஞ்சிய துண்டுகளை நிறுத்துக் கொடுத்தார். 26ஆம் நம்பர், அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 150 கிராம், 120 ரூபாய். அடிவட்டத்துக்கு வீட்டில் கிடந்த கொடிக்கம்பி போதும்.

ஜனவரி 31, சனி

இன்று கை படிந்துவிட்டது. ஒரு முழம் கம்பியின் நடுவில் முத்தைக் கோத்து, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து, முத்தைத் திருக வேண்டும், கம்பியை அல்ல. நாலு சுற்றில் காம்பு மாதிரி நிற்கும். ஐந்தாவது சுற்றுக்கு ஆசைப்பட்டால் முத்துக்கு அடியிலேயே டொக்கென்று ஒடியும். செம்பு முதலில் நூல் மாதிரிதான் இருக்கும். அதே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் முறுகிவிடும். தப்பாக வளைத்ததை நிமிர்த்திச் சரிசெய்வதைவிட வெட்டிப் போட்டுவிட்டுப் புதுத் துண்டு எடுப்பதே லாபம்.

ஏழு கோபுரம், நடுக் கோபுரம் 18 சென்டிமீட்டர். இடைவெளியெல்லாம் சின்னப் பாசி வலை. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியவில்லை. இரண்டு ராத்திரி வேலை.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஒத்திகை. மைதானத்தின் கடைசி வேப்பமரத்தடியில் நின்று பார்த்தேன். பாசி வலை இருப்பதே தெரியவில்லை. பெரிய முத்தும் வெறும் கம்பியும்தான் தெரிந்தன. இரண்டு ராத்திரி! வலையை வெட்டி எடுத்துவிட்டு, அட்டையில் தங்க ஜிகினாத் தாள் ஒட்டி உள்பக்கம் வைத்தேன். 10 ரூபாய்த் தாள். இப்போது வேப்பமரம் வரைக்கும் மின்னுகிறது.

கண்ணகியாக நடிக்கிற பிள்ளை கிரீடத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டது: "டீச்சர், ராணி சிலம்புல முத்து, என் சிலம்புலதான மாணிக்கம்? ராஜா தலையில எதுக்கு செவப்புக் கல்லு?" ராஜாவிடம் மாணிக்கமே இருக்கக் கூடாதா என்று வாதாடலாம். ஆனால் மேடையில் அந்தச் சிவப்பு ஒரே ஒரு தடவை தெறித்தால்தான் நல்லது. கல்லையெல்லாம் பிடுங்கி அவள் சிலம்புக்குள் போட்டாயிற்று. கொற்கை முத்தெடுத்த பாண்டியனுக்கு முத்து போதும்.

பிப்ரவரி 7, சனி

"குத்துது டீச்சர்" என்று பாண்டியன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றான். வெட்டிய கம்பி முனைகள். எல்லாவற்றையும் உள்ளே மடக்கி, வெல்வெட் ரிப்பனை இரண்டு சுற்று ஒட்டினேன், 30 ரூபாய். மேஜை உயரத்திலிருந்து மூன்று தடவை கீழே போட்டுப் பார்த்தேன். வளைந்தது, நிமிர்த்தினேன், ஒன்றும் உடையவில்லை. மளிகைக் கடைத் தராசில் 210 கிராம். செலவு 350, பஸ்ஸுக்கு நான் போட்டது தனி.

பிப்ரவரி 13, வெள்ளி

சிலம்பு உடைந்தது, சிவப்புக் கல் தெறித்தது, முன்வரிசையில் யாரோ "அடியாத்தி" என்றார்கள். பாண்டியன் அழகாகச் சரிந்து விழுந்தான். கிரீடம் விழவில்லை. வெல்வெட் அப்படிப் பிடித்துக்கொண்டது. திரைக்குப் பின்னால் எனக்கு வேர்த்துவிட்டது.

செத்துக் கிடந்தவன் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். அப்புறம் இடது கையைப் பைய மேலே கொண்டுபோய், கிரீடத்தைத் தட்டிவிட்டான்.